உடற்பயிற்சி அறிவியல்: ஜிம்மிலும் மைதானத்திலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சி கொடுக்கிறவர்களிடம் வந்து சேரும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை, கேட்கிற ஆட்கள்தான் மாறுகிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற சிலவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். எவ்வளவு வியர்த்தது என்பதை வைத்துப் பயிற்சியை எடை போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. இந்தப் பதில்கள் அந்தப் பழக்கத்தோடு அடிக்கடி மோதும்.

உடற்பயிற்சி அறிவியல் எல்லாம் விளையாட்டு வீரர்களுக்குத்தானே? நடக்கவும் நாலு டம்பெல் தூக்கவும் அது எதற்கு?

அன்றாடம் பயன்படுவது நாலைந்து விதிகள்தான். பழகியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேலை வாங்கினால் உடம்பு தேறும். எதைப் பழக்குகிறோமோ அதில்தான் தேறும். அப்படித் தேறுவது பயிற்சி நடக்கும் நேரத்தில் இல்லை, பிறகு வரும் ஓய்வில். விட்டுவிட்டால் போய்விடும். அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

மண்வெட்டி பிடிக்கும் கை மெல்ல மெல்லக் காய்ப்பு ஏறிக் கெட்டிப்படுகிறது. பழகாத கை ஒரே நாளில் பத்து மணி நேரம் பிடித்தால் கொப்பளித்துப் போகிறது. தசை, எலும்பு, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், இதயம் எல்லாவற்றுக்கும் கணக்கு இதுதான், வேகம் மட்டும் வேறு வேறு. தசை சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ‘எனக்குத்தான் பலம் வந்துவிட்டதே’ என்று இரண்டாம் மாதத்திலேயே வெயிட்டை அள்ளிப் போடுகிறவர்களுக்கு முழங்காலும் தோளும் வலிக்கத் தொடங்குவதற்கு இந்த இடைவெளி ஒரு முக்கியக் காரணம்.

வெயிட்டை எப்போது கூட்டுவது, எவ்வளவு கூட்டுவது?

படிப்படியாகச் சுமையைக் கூட்டும் முறையை மருத்துவத்துக்குள் ஒழுங்காகக் கொண்டுவந்தவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களின் கால் தசைகளைத் தேற்ற, லேசான அசைவுகளுக்குப் பதிலாகக் கனமான வெயிட்டைத் தூக்கவைத்தார். 1945-இல் அதைப் பற்றி எழுதினார். பிறகு அவரும் சக மருத்துவர் வாட்கின்ஸும் சேர்ந்து முறையைச் சுருக்கினார்கள்: பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற வெயிட் எது என்று பார்ப்பது, அதில் பாதி, முக்கால், முழு என்று மூன்று செட் செய்வது (ஒவ்வொரு தூக்கலும் ஒரு ரெப், நடுவே ஓய்வு விடாமல் தூக்கும் பத்தும் சேர்ந்து ஒரு செட்). இன்றைக்கும் பல ஜிம்களில் ‘பத்து ரெப், மூன்று செட்’ என்று ஓடுவதற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

நடைமுறையில் எளிதான வழி, முதலில் ரெப்பைக் கூட்டுவது, பிறகு வெயிட்டைக் கூட்டுவது. 40 கிலோவில் ஸ்குவாட் (வெயிட்டைச் சுமந்து உட்கார்ந்து எழுவது) செய்கிற ஒருவரின் நோட்டில் மூன்று செட்டின் ரெப் கணக்கு இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

திங்கள்: 40 கிலோ, 8, 8, 6.
வியாழன்: 40 கிலோ, 8, 8, 7.
அடுத்த திங்கள்: 40 கிலோ, 8, 8, 8.
வியாழன்: 42.5 கிலோ, 7, 6, 6.

கடைசி வரியைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை. வெயிட் கூடியதால் ரெப் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். மறுபடி மூன்று செட்டிலும் எட்டைத் தொட்டதும் 45. போகப் போக ஒவ்வொரு படிக்கும் கூடுதல் நாள் பிடிக்கும், அதுவும் சகஜம். நோட்டு எழுதாமல் ‘போன வாரம் எவ்வளவு போட்டேன்?’ என்று யோசித்துக்கொண்டே ஒரே வெயிட்டில் வருஷக்கணக்காக நிற்கிறவர்கள் ஏராளம். அவர்கள் உழைக்காமல் இல்லை. ஆனால் உடம்பு மாறுவதற்கு அங்கே காரணம் எதுவும் இல்லை.

சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. வெயிட் நன்றாகக் கூடியிருக்கிறது, ஆனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லையே?

முதல் சில வாரங்களில் கூடுகிற பலத்தின் பெரும் பங்கு நரம்பு மண்டலத்திலிருந்து வருகிறது. 1979-இல் மொரிதானியும் டிவ்ரீஸும் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இருக்கிற தசை நார்களையே மூளை இன்னும் நன்றாக வேலைக்கு அழைக்கக் கற்றுக்கொள்கிறது. தசை பருப்பது அதற்குப் பின்னால் மெதுவாக வரும். பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டுப் போவது சரியாக இந்த இடத்தில்தான்.

தசை வளர கனமான வெயிட்தான் வேண்டுமா?

வளர்வதற்கு மட்டும் என்றால் வேண்டியதில்லை. அதிகபட்சம் தூக்கக்கூடிய வெயிட்டில் 30 சதவீதம் போட்டாலும், இனி ஒன்றிரண்டு ரெப்புக்கு மேல் முடியாது என்ற நிலை வரை செய்தால் தசை வளரும். உடம்பு முதலில் சின்ன நார்களை வேலைக்கு அழைக்கிறது. அவை களைத்த பிறகோ சுமை கூடிய பிறகோதான் பெரிய நார்கள் வருகின்றன. எந்த வழியில் போனாலும் பெரிய நார்கள் வரை போயாக வேண்டும். ஆனால் 30 ரெப் செய்து அந்த நிலையைத் தொடுவது, கனமான வெயிட்டில் 8 ரெப் செய்வதைவிடப் பெரிய அவஸ்தை. பலம் கூடுவது குறிக்கோள் என்றால் கனமான வெயிட்டைத் தவிர்க்க முடியாது.

செட்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிடம் உட்காருவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. முப்பது வினாடியில் மறுபடி எழுந்தால் மூச்சு வாங்கும், அடுத்த செட்டில் ரெப் குறையும்.

புரதத்தையும் கேட்பார்கள். உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்கு சுமார் 1.6 கிராம் வரை புரதம் சேர்ப்பது தசை வளர்ச்சிக்கு உதவுகிறது. அதற்கு மேல் சராசரியாகப் பெரிய லாபம் தெரியவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

மறுநாள் வலித்தால்தான் பயிற்சி சரியாக நடந்ததாக அர்த்தமா? அது லாக்டிக் அமிலம் தேங்குவதால்தானே?

இரண்டும் இல்லை. பயிற்சியில் கூடும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடம்புக்குள் இருக்கும் வடிவம்) சுமார் ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். வலியோ 24 முதல் 72 மணி நேரத்தில்தான் உச்சத்துக்குப் போகிறது. அத்துடன் லாக்டேட் கழிவுப் பொருளும் இல்லை. இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன.

பழகாத வேலை, அதிலும் தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கும் வேலை, தசை நாரில் நுண்ணிய சேதத்தை உண்டாக்குகிறது. மலையேறியவருக்கு ஏறியதைவிட இறங்கியதால்தான் மறுநாள் தொடை வலிக்கும். அதே வேலையை ஒரு வாரம் கழித்துச் செய்தால் வலி பாதியாவது குறைந்திருக்கும், பலன் குறைந்திருக்காது. எனவே வலி என்பது ‘இது உனக்குப் புதிது’ என்ற தகவல் மட்டுமே. ஆளைப் படி இறங்க முடியாமல் செய்வதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கோச் இருந்தால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். சிறுநீர் கறுத்துப் போனாலோ, தசை வீங்கி அசைக்கவே முடியாமல் போனாலோ அது வேறு விவகாரம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வயிற்றுக் கொழுப்பு குறைய எந்தப் பயிற்சி?

வயிற்றுக்கென்று தனியாக எதுவும் இல்லை. டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் 1971-இல் அளந்து பார்த்தார்கள். ஆடும் கை மற்றதைவிடப் பருமனாக இருந்தது, ஆனால் தோலடிக் கொழுப்பு இரண்டிலும் ஒரே அளவுதான். வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையைப் பலப்படுத்தும், அதற்காகச் செய்யுங்கள்.

ஓடும்போது எவ்வளவு வேகம் சரி? 220-இலிருந்து வயதைக் கழித்துக் கணக்குப் போடலாமா?

இதயத் துடிப்பின் உச்சத்தைக் கணிக்கும் அந்தச் சூத்திரம் 1970-களின் தொடக்கத்தில் கிடைத்த தரவுகளை வைத்துக் குத்துமதிப்பாகப் போட்ட கோடு. 2001-இல் தனாகா குழுவினர் 208-இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கும் சூத்திரத்தைத் தந்தார்கள். நாற்பது வயதுக்காரருக்கு இரண்டிலும் 180 வரும். அறுபது வயதுக்காரருக்குப் பழையது 160, புதியது 166. எதைப் போட்டாலும் ஒரு தனி ஆளுக்குப் பத்துத் துடிப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தவறுவது சாதாரணம். கைக்கடிகாரம் ‘உச்சத்தைத் தாண்டிவிட்டீர்கள்’ என்று பயமுறுத்தும்போது இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட எளிய அளவுகோல் பேச்சு. ஓடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு முழு வாக்கியம் பேச முடிந்தால் அது மிதமான வேகம். மூன்று நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் கடின எல்லைக்குள் வந்தாயிற்று. பேசவே முடியவில்லை என்றால் அந்த வேகத்தில் அதிக நேரம் தாங்காது. தனியாக ஓடுகிறவர்கள் தெரிந்த பாட்டின் பல்லவியை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம், யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து.

இப்படிச் சோதித்தால் பலருக்கும் தெரியவருவது, அவர்கள் மிதமாக ஓட நினைத்த நாளில் பாதிக் கடினமாக ஓடுகிறார்கள், கடினமாக ஓட வேண்டிய நாளிலும் அதே பாதிக் கடினத்தில்தான் ஓடுகிறார்கள். எல்லா நாளும் ஒரே வேகம், எல்லா நாளும் களைப்பு. ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் உயர்மட்ட ஓட்டக்காரர்கள், துடுப்புப் படகு வீரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள் ஆகியோரின் பயிற்சிகளைப் பிரித்துப் பார்த்தபோது, சுமார் 80 சதவீதப் பயிற்சிகள் சுலபமான வேகத்தில் நடப்பதைக் கண்டார். உலகத் தரத்தில் ஓடுகிறவர்களே பெரும்பாலான நாள் பேசிக்கொண்டே ஓடும்போது, வாரத்துக்கு நாலு முறை ஓடுகிற நாம் ஒவ்வொரு முறையும் நாக்குத் தள்ள ஓடுவதில் அர்த்தம் இல்லை. எங்கள் கணிப்பில், சாதாரண ஓட்டக்காரர் எந்தச் செலவும் இல்லாமல் செய்யக்கூடிய மிகப் பெரிய திருத்தம், சுலபமான நாளை உண்மையிலேயே சுலபமாக்குவதுதான்.

நேரமே இல்லை. நாலு நிமிடப் பயிற்சி போதும் என்கிறார்களே?

தபாதா பயிற்சியைச் சொல்கிறீர்கள். 1996-இல் வெளிவந்த அந்த ஆய்வில் 20 வினாடி சைக்கிள் மிதிப்பு, 10 வினாடி ஓய்வு, ஏழெட்டுச் சுற்று. ஆறு வாரத்தில் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறனும் கூடியது, ஆக்சிஜன் இல்லாத வேலைக்கான திறனும் 28 சதவீதம் கூடியது. எண்கள் சரிதான். ஆனால் செய்தவர்கள் ஏற்கெனவே உடற்பயிற்சிப் பழக்கம் உள்ள மாணவர்கள். சைக்கிளின் சுமை, அவர்களுடைய ஆக்சிஜன் பயன்பாடு உச்சத்தைத் தொடும் சுமையைப் போல் 1.7 மடங்கு. முடிக்கும்போது மிதிக்க முடியாத நிலைக்குப் போனார்கள். அதற்கு முன்னால் பத்து நிமிட வார்ம்-அப்பும் உண்டு. திரையைப் பார்த்து நாலு நிமிடம் குதிப்பதற்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்னது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடின உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. பத்துப் பத்து நிமிடமாக உடைத்துக்கொண்டாலும் கணக்கில் சேரும்.

பேட்மின்டன் ஆடுகிறேன். ஸ்டாமினாவுக்காகத் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். போதுமா?

ஆட்டத்தை ஒருமுறை கடிகாரம் வைத்துப் பாருங்கள். ஒற்றையர் ஆட்டத்தில் ஒரு ரேலி (ஒரு புள்ளிக்காக மாறி மாறி அடிப்பது) சராசரியாகப் பத்து வினாடி அளவில் முடிகிறது, பிறகு ஒரு சிறிய இடைவெளி. அந்தப் பத்து வினாடியில் நீங்கள் நேராக ஓடுவதே இல்லை: முன்னால் பாய்ந்து, ஒரு காலில் ஊன்றி, திரும்பி, பின்னால் போய்க் குதிக்கிறீர்கள். இப்படி ஒரு மணி நேரம். ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் இவற்றில் எதைப் பழக்குகிறது?

முழுக்க வீண் என்றும் சொல்ல முடியாது. பத்து வினாடி வெடிப்பான வேலைக்குத் தசை தன்னுள் சேமித்து வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டைப் பயன்படுத்துகிறது. காலியான அந்தச் சேமிப்பில் சுமார் பாதி அரை நிமிடத்தில் நிரம்பும், ஏறக்குறைய முழுதும் நிரம்ப மூன்று நிமிடம் போல ஆகும். அதை நிரப்பும் வேலை ஆக்சிஜன் வழியாக நடக்கிறது. நல்ல ஸ்டாமினா உள்ளவர் இருபதாவது ரேலியிலும் முதல் ரேலியைப் போலப் பாய்வதற்கு இதுவே காரணம். எனவே ஓட்டத்தை வாரத்துக்கு இரண்டாகக் குறைத்து, மிச்ச நாளில் மைதானத்துக்குள்ளேயே, பத்து வினாடி வேகமான காலடி வேலை, இருபது வினாடி ஓய்வு என்று பத்துப் பன்னிரண்டு முறை செய்யுங்கள். ஒற்றைக் கால் ஊன்றலுக்கு லஞ்ச் (ஒரு காலை முன்னால் எட்டி வைத்துத் தாழ்ந்து எழுவது), குதிப்புக்குக் கெண்டைக்கால் பயிற்சி.

கால்பந்து, வேகப்பந்து வீச்சு, கைப்பந்து எதுவாக இருந்தாலும் கேள்வி இதுதான்: ஒரு முயற்சி எத்தனை வினாடி, நடுவே எவ்வளவு ஓய்வு, எந்தத் திசையில் அசைவு, எந்த மூட்டில் சுமை? பதில் கிடைத்தாலே பயிற்சித் திட்டத்தின் பாதி எழுதியாயிற்று.

வெயிட் தூக்கினால் வேகம் குறையும், ஓடினால் தசை கரையும் என்கிறார்களே?

1980-இல் ராபர்ட் ஹிக்ஸன் செய்த ஆய்வுதான் இரண்டாவது பயத்துக்குப் பெரிய ஆதாரம். பத்து வாரம் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கடைசி வாரங்களில் பலம் கூடுவது நின்று இறங்கியது. ஆனால் அவர்கள் வாரத்துக்கு ஐந்து நாள் வெயிட்டும் ஆறு நாள் கடும் ஓட்டமும் சைக்கிளும் செய்தார்கள். வாரத்துக்கு மூன்று நாள் ஜிம், இரண்டு நாள் ஓட்டம் என்று இருப்பவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். இரண்டும் ஒரே நாளில் வந்தால் எது முக்கியமோ அதை முதலில் செய்யுங்கள், நடுவே சில மணி நேரம் விட முடிந்தால் நல்லது. வெயிட்டால் வேகம் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கனமான வெயிட் ஓட்டக்காரர்களின் ஆற்றல் சிக்கனத்தை, அதாவது அதே வேகத்தில் குறைந்த ஆற்றலில் ஓடும் திறனை, கூட்டவே செய்கிறது.

ஆட்டத்துக்கு முன்னால் ஸ்ட்ரெச்சிங் செய்யாவிட்டால் அடிபடுமா?

ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் அடுத்த சில நிமிடங்களுக்குப் பலமும் குதிப்பும் லேசாகக் குறையும். காயத்தை அது பெரிதாகத் தடுப்பதும் இல்லை. மெதுவான ஓட்டம், கால் வீச்சு, பிறகு ஆட்டத்தின் அசைவுகளையே படிப்படியாக வேகம் கூட்டிச் செய்வது, இவ்வளவு போதும். நீண்ட நேர ஸ்ட்ரெச்சிங் பிடிக்கும் என்றால் வேறு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காயத்தைக் குறைப்பதில் நிரூபணம் உள்ளவை வேறு. கால்பந்து அணிகளுக்கென்று உருவான ‘ஃபிஃபா 11+’ என்ற இருபது நிமிட வார்ம்-அப்பில் ஓட்டம், பலம், சமநிலை மூன்றும் இருக்கின்றன. ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைந்தன. தொடையின் பின்பக்கத் தசைக்கு நார்டிக் பயிற்சி. முழங்காலில் மண்டியிட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்வது. அந்தத் தசைக் காயங்களை அது ஏறக்குறைய பாதியாக்குகிறது. மறுநாள் நன்றாகவே வலிக்கும் என்பதால் முதல் வாரம் ஐந்து முறைக்கு மேல் வேண்டாம், போட்டிக்கு முந்தைய நாள் அறவே வேண்டாம்.

போட்டிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது. கடைசி நேரத்தில் இன்னும் கடினமாகப் பயிற்சி செய்யலாமா?

கூடாது. இந்த இரண்டு வாரத்தில் புதிதாகச் சேர்க்கக்கூடிய திறன் மிகக் கொஞ்சம், சேர்க்கக்கூடிய களைப்பு நிறைய. 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பலன் அதிகம் தந்த முறை இது: இரண்டு வாரத்துக்குப் பயிற்சியின் மொத்த அளவைப் பாதி போலக் குறைப்பது, வேகத்தையும் வாரத்தில் வரும் நாட்களையும் குறைக்காமல் வைத்திருப்பது. வாரம் 40 கிலோமீட்டர் ஓடுகிறவர் 20 ஓடுவார், ஆனால் வேக ஓட்டம் வேக ஓட்டமாகவே இருக்கும். சும்மா இருப்பதுபோலத் தோன்றி மனம் பரபரக்கும், கால் கனப்பதாகக்கூடச் சிலருக்குப் படும். அதற்குப் பயந்து கூடுதலாக ஓடிவிடாதீர்கள்.

தேர்வு, பயணம் என்று ஒரு மாதம் நின்றுவிட்டது. எல்லாம் போயிற்றா?

ஸ்டாமினா முதலில் போகும். ரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே குறையத் தொடங்குவதால் இரண்டு வாரத்தில் மூச்சு வாங்குவது தெரியும். பலம் மூன்று நாலு வாரம் வரை பெரிதாக இறங்காது. இறங்கினாலும் முதல்முறை சேர்த்ததைவிட வேகமாகத் திரும்பும்.

முழுதாக நிற்பதற்கும் குறைத்துச் செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஹிக்ஸனின் இன்னொரு ஆய்வுத் தொடரில் வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சியை இரண்டு நாளாக்கிய பிறகும் ஆக்சிஜன் திறன் இறங்கவில்லை. கடினத்தைக் குறைத்தபோதுதான் இறங்கியது. நேரம் இல்லாத மாதத்தில் நாளைக் குறையுங்கள், கடினத்தைக் குறைக்காதீர்கள்.

படுத்தே கிடந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 1966-இல் டாலஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையில் வைத்தார்கள். அவர்களுடைய ஆக்சிஜன் திறன் கால் பங்குக்கு மேல் விழுந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை அளந்தபோது, முப்பது வருட வயோதிகம் செய்த சேதம் அந்த மூன்று வாரப் படுக்கை செய்ததைவிடக் குறைவாக இருந்தது.

நானும் நண்பனும் ஒரே பயிற்சி செய்கிறோம். அவனுக்கு மட்டும் பலன் தெரிகிறதே?

ஹெரிடேஜ் குடும்ப ஆய்வில் நூற்றுக்கணக்கானவர்கள் 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் பயிற்சி செய்தார்கள். சிலருக்கு ஆக்சிஜன் திறன் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடியது, சிலருக்கு ஏறக்குறைய ஒன்றுமே கூடவில்லை. பலன் குறைவாக வருவது குடும்பத்தோடு சேர்ந்து வரும் விஷயமாகவும் தெரிந்தது. ஆனால் பிற்பாடு நடந்த ஆய்வுகளில் பயிற்சி நாட்களைக் கூட்டியபோது ‘பலனே இல்லை’ என்ற கூட்டம் கரைந்துபோயிற்று. இரண்டு மாதம் பொறுத்தும் நோட்டில் எண்கள் அசையவில்லை என்றால் தூக்கத்தைப் பாருங்கள், சாப்பாட்டைப் பாருங்கள், பிறகு ஒரு நாள் கூட்டிப் பாருங்கள். நண்பனின் திட்டத்தை அப்படியே நகல் எடுப்பதில் பயன் இல்லை.

அப்பாவுக்கு எழுபது வயது. இனிமேல் வெயிட் தூக்கலாமா?

1990-இல் வெளியான ஓர் ஆய்வில் 86 முதல் 96 வயது வரையிலான முதியோர் இல்லவாசிகள் பத்துப் பேரை எட்டு வாரம் கால்களுக்கு வெயிட் பயிற்சி செய்யவைத்தார்கள். லேசான வெயிட் இல்லை, அவர்கள் தூக்கக்கூடியதில் 80 சதவீதம் வரை. கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஆனது. எழுபது வயதுக்காரருக்கு முதல் பயிற்சி நாற்காலிதான்: கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது, எட்டு முறை, இரண்டு செட், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள். சுலபமானதும் கையில் இரண்டு கிலோ. நெஞ்சு வலி, மயக்கம், கட்டுக்கு அடங்காத ரத்த அழுத்தம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல், எழும்போது மூச்சை விடச் சொல்லுங்கள்.